மாட்டுக்கும் தைலமா? தாராளமா... ஆனால்!

தலைவலி என்றால் நீலகிரித் தைலம். மூக்கடைப்பு என்றாலும் அதே தைலம்தான். அந்தச் சின்ன பாட்டில் இல்லாத வீடு உண்டா? 'நமக்குக் கேட்கிற மருந்து வாயில்லா ஜீவனுக்கும் கேட்காதா?' என்று கொல்லையில் மாடு கட்டியிருக்கும் பலர் நினைக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால், கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் இது.

ஒரு வெள்ளைக் காகிதத்தில் வேப்பெண்ணெய் ஒரு சொட்டும், நீலகிரித் தைலம் ஒரு சொட்டும் விட்டுப் பாருங்கள். மறுநாள் வேப்பெண்ணெய்க் கறை அப்படியே இருக்கும். தைலம் பெரும்பாலும் பறந்து போயிருக்கும். முன்னது விதையை ஆட்டி எடுத்தது. பின்னது இலையை ஆவியில் வடித்து எடுத்தது. கூடை கூடையாக இலை போட்டால்தான் கொஞ்சம் தைலம் கிடைக்கும். அவ்வளவு வீரியம்! 'இயற்கைதானே, என்ன ஆகிடப் போகுது?' என்று அப்படியே தடவினால் மாட்டின் தோல் எரிந்து புண்ணாகலாம். தடவிய இடத்தை மாடு நக்கும், கன்றும் நக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. இந்தத் தைலங்களை உடைத்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்குக் குறைவு.

இன்னொன்று, பாலுக்கு வாசனையை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. கறக்கும் நேரத்தில் தொழுவம் முழுக்கத் தைல வாசனை என்றால், காலைக் காபியிலும் அது வந்து நிற்கும்!

வயிறு உப்பிய மாட்டுக்குக் கடலெண்ணெயில் டர்பன்டைன் கலந்து புகட்டுவது பழைய வழக்கம். அவசரத்தில் தலையைத் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உப்புசத்திலிருந்து தப்பிய மாடு நிமோனியாவில் போய்ச் சேரும். இது தேவையா?

அப்படியானால் கைவைத்தியமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமே பரிந்துரைக்கிறது. பாலை முழுக்கக் கறந்து கீழே விட்டு, மடியைக் கழுவிய பிறகு, இந்த விழுதைத் தண்ணீர் விட்டுக் கரைத்து நாளுக்குப் பலமுறை பூச வேண்டும். இப்படி அளவும் முறையும் தெரிந்த வைத்தியத்தைத் தாராளமாகச் செய்யலாம். 'நாலு சொட்டு விடு, சரியாயிடும்' என்பது வைத்தியம் அல்ல, குருட்டு நம்பிக்கை.

ஊசிதான் ஒரே வழி என்று நினைப்பதும் தப்பு. ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலைக் குறிப்பிட்ட நாட்கள் வரை விற்கக்கூடாது, குடிக்கவும் கூடாது. காய்ச்சினாலும் அந்த மருந்து முழுசாகப் போய்விடாது. அந்தப் பால் உங்கள் குழந்தையின் டம்ளருக்கு வருகிறது என்றால் சும்மா இருப்பீர்களா? பால்காரரிடம், 'மாட்டுக்கு ஊசி போட்டீங்களா, எத்தனை நாளாச்சு?' என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஆரம்பத்திலேயே முறையான கைவைத்தியம் செய்தால் பல ஊசிகள் மிச்சமாகும் என்பதால்தான் நானும் அதை ஆதரிக்கிறேன்.

ஆனால் மடி கல்லாக இறுகிச் சுட்டாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ, மாடு தீனி எடுக்காமல் நின்றாலோ, தைல பாட்டிலைத் தேடாதீர்கள். 1962-க்கு போன் செய்யுங்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். ஒருநாள் தாமதத்தில் ஒரு காம்பு நிரந்தரமாக வற்றிவிடலாம்.

தனக்கு எரிகிறது, வலிக்கிறது என்று மாடு வாய் திறந்து சொல்லாது. அதற்கும் சேர்த்து நாம்தான் யோசிக்க வேண்டும்!