பயணப் பையில் தொழுகைக்கும் இடம் வேண்டும்



கோடை விடுமுறையில் காயல்பட்டினத்திலிருந்து சென்னைக்குக் காரில் செல்வது எங்கள் குடும்பத்தின் வழக்கம். 600 கி.மீ.க்கும் அதிகமான தூரம். காலையில் புறப்பட்டால் சென்று சேர மஃரிபு தாண்டிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பயணத்தில், லுஹர் தொழுகைக்காகச் சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். நானும் மகனும் உளூ செய்து தொழுதுவிட்டு வந்தோம். பெண்கள் தொழ அங்கே வசதி இல்லை. மனைவியும் மகளும் காரிலேயே அமர்ந்திருந்தனர். வண்டி நகர்ந்ததும் மகள் கேட்டாள்: "வாப்பா, பயணத்தில் எங்களுக்குத் தொழுகை கடமை இல்லையா?"

மதரஸாவில் பிள்ளைகளுக்கு மார்க்கச் சட்டம் கற்பிக்கும் எனக்கு அன்று பதில் வரவில்லை.

எங்கள் வண்டியில் நெய்ச்சோறு இருந்தது. பிளாஸ்க்கில் தேநீர், தலையணைகள், செல்பேசிக்குச் சார்ஜர் எல்லாம் இருந்தன. ஒரு விரிப்பும் ஒரு கேன் தண்ணீரும் மட்டும் இல்லை. எங்கள் ஊரில் பெண்களுக்கெனத் தனித் தைக்காக்கள் உண்டு. அந்த வசதி நெடுஞ்சாலையிலும் தானாகக் கிடைத்துவிடும் என்று நான் எண்ணியிருந்தேன் போலும். குறை அந்தப் பள்ளிவாசலில் இல்லை. மூட்டை கட்டிய என்னிடம்தான்.

பயணத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வது தவக்குலுக்கு முரணன்று. யமன் நாட்டவர் சிலர் உணவின்றி ஹஜ்ஜுக்கு வந்து, பின்னர் மக்களிடம் கேட்டு நின்ற வேளையில்தான் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் அருளப்பட்டது என்று புகாரியில் காண்கிறோம். பயண உணவைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் அதே வசனம், அதனினும் மேலானது இறையச்சம் என்கிறது. நாமோ முதலாவதை நிரம்பக் கட்டிக்கொண்டு இரண்டாவதை வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம்.

"பயணத்தில் சிரமம், ஊர் போய்க் களாச் செய்துகொள்ளலாம்" என்பார் உளர். அந்தச் சிரமத்தை அறிந்துதான் மார்க்கம் நான்கு ரக்அத்தை இரண்டாக்கித் தந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபீ மத்ஹபினர் லுஹரை அதன் இறுதி நேரத்திலும் அஸரை அதன் தொடக்கத்திலும் தொழுதால் ஒரே நிறுத்தம் போதும். சலுகை சுருக்குவதற்கே, விடுவதற்கு அன்று. பேருந்துப் பயணிக்காவது ஓட்டுநரைக் கெஞ்ச வேண்டிய நிலை உண்டு. சொந்த வண்டியில் செல்பவர் என்ன காரணம் சொல்வார்?

ஆகவே, இப்போது எங்கள் வண்டியில் தொழுகைக்கென்றே ஒரு பை இருக்கிறது. இருவர் நின்று தொழும் அளவுக்கு ஒரு விரிப்பு, பெண்களுக்குத் தொழுகை உடை, மறைப்புக்கு ஒரு பெரிய போர்வை, கயிறு, ஒரு குவளை, துண்டு ஆகியவை அதில் உள்ளன. கூடவே 10 லிட்டர் தண்ணீர்க் கேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு; ஒரு லிட்டருக்கும் குறைவு. நால்வர் இருமுறை உளூ செய்ய அந்த ஒரு கேன் தாராளமாகப் போதும்.

இந்தப் பையைப் பெட்டிகளுக்கு அடியில் வைக்காதீர்கள். டிக்கியைத் திறந்ததும் கைக்கு எட்ட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று தொழாதீர்கள். இரவில் இளைப்பாறும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ அனுமதி கேட்டு ஓர் ஒதுக்குப்புறத்தில் தொழலாம். காரின் கதவைத் திறந்து அதில் போர்வையைக் கட்டினால் பெண்களுக்கு மறைப்பு கிடைத்துவிடும். தமிழகத்தில் கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கியது. காரின் இரும்புக்கு அருகில் செல்பேசியின் திசைகாட்டி தவறக்கூடும். சில அடி தள்ளி நின்று பாருங்கள்.

பெண்கள் தொழுது முடிக்கும்வரை ஆண்கள் காவலாக நிற்பதும், குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வதும் இந்தப் பயண ஏற்பாட்டைச் சேர்ந்தவையே.

அடுத்த பயணத்தில் என் மகள்தான் அந்தப் பையை முதலில் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். அவளுடைய கேள்விக்கு நான் தர வேண்டியிருந்த பதில் அதுதான்.

அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, நம் குடும்பத்தார் அனைவரையும் தொழுகையைப் பேணுவோராக ஆக்குவானாக. ஆமீன்.