எண் தெரிகிறது, தீர்ப்பு தெரியவில்லை!

தோழனே!

வரப்புத் தகராறில் பிறந்த வழக்கு, மாவட்ட நீதிமன்றம் கடந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் வாயிலை அடைகிறது. கீழே இருந்தவரை அது தமிழ் பேசிற்று. 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், அதற்கு 1976-இல் வந்த திருத்தமும் அந்த உரிமையைத் தந்தன. மேலே ஏறியதும் வாயடைத்து நிற்கிறது. தமிழில் சொன்ன சாட்சியம் ஆங்கில உடை உடுத்தாமல் உள்ளே நுழைய முடியாது!

"வழக்கின் நிலையை வீட்டிலிருந்தே அறியலாமே" என்பர். அறியலாம், மறுப்பாரில்லை. தாக்கல் செய்தால் ஓர் எண். குறைகள் நீங்கிப் பதிவானால் இன்னோர் எண். அதற்கும் மேலே, எழுத்தும் இலக்கமுமாய் 16 இடங்கள் கொண்ட தனி எண். கைப்பேசியில் தட்டினால் போதும். எந்த நாள், எந்த அமர்வு, பட்டியலில் எத்தனையாவது வழக்கு, அத்தனையும் கண்முன்னே! ஆனால், நிலம் நின்றதா, போனதா? ஏன் போனது? அதைப் படித்துச் சொல்ல இன்னொருவரைத் தேட வேண்டும். கடிதம் வந்த செய்தி தெரிகிறது; கடிதத்தில் வந்த செய்தி தெரியவில்லை!

சட்டம் தடுக்கிறதா? இல்லை, தோழனே! அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு, மாநில மொழியை உயர்நீதிமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஆளுநர் ஆணையிடலாம் என்கிறது. 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஆங்கில மொழிபெயர்ப்போடு தீர்ப்பையும் அம்மொழியில் வழங்கலாம் என்கிறது. இருந்த பூட்டுகள் இரண்டு. 1965-இல் மத்திய அமைச்சரவைக் குழு மூன்றாவது பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டது: உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியின் இசைவும் வேண்டுமாம்! அரசியல் சட்டத்தின் அந்தப் பிரிவிலே அப்படி ஒரு வரி உண்டா? இல்லை.

ராஜஸ்தான் 1950-இல் பெற்றது. உத்தரப் பிரதேசம் 1969-இல், மத்தியப் பிரதேசம் 1971-இல், பீகார் 1972-இல் பெற்றன. நான்கிலும் வழங்குவது இந்தி. நமது சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டது. உச்சநீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு 2012-இல் மறுத்தது. 2016-இல் மீண்டும் மறுத்தது. அங்கே திறந்த கதவு இங்கே மட்டும் சுவரானது ஏன்?

"தமிழறியா நீதிபதிகள் வருவார்களே" என்கிறார்கள். ராஜஸ்தானத்துக்கு இந்தி அறியாதவர் செல்வதே இல்லையா? "தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழில் பெயர்த்துத் தருகிறோமே" என்கிறார்கள். நன்றி! ஆனால் அந்தப் பெயர்ப்பு புரிந்துகொள்வதற்கு மட்டுமே. சட்டத்தின் முன் செல்லுவது ஆங்கில மூலமே. விருந்தை வேறொருவர் உண்ண, மணத்தை மட்டும் நமக்கு அனுப்புகிறார்கள்!

ஆங்கிலத்தை விரட்டச் சொல்லவில்லை நாம். அதனருகே தமிழுக்கும் ஓர் இருக்கை கேட்கிறோம். 1862 முதல் நடக்கும் மன்றத்தில், மண்ணின் மொழிக்கு இடம் கேட்பது பிச்சையா? உரிமை! தேநீர்க் கடையில், திண்ணையில், தெருமுனை மேடையில் இதை எடுத்துச் சொல். வாதியின் கையில் எண்ணைக் கொடுத்தவர்கள், அவன் மொழியில் தீர்ப்பையும் கொடுக்கும் வரை ஓயாதே!