மூலப் பதிவை அழிக்காதீர்கள்





வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து வீடுகள் கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம் இது. பீரோவில் கிடக்கும் பழைய கல்யாண, காதுகுத்து வீடியோக்களை வெளியே எடுக்கவும் இதுவே நல்ல சமயம். அவற்றைக் கணினியில் எடிட் செய்து டிஸ்க்கில் ஏற்றும் வேலையை நாமே செய்துவிடலாம். தொடங்குமுன் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: கேமரா எடுத்த மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள்.

முழு ஹெச்டி படம் ஒன்றில் 1920க்கு 1080 புள்ளிகள். நம் நாட்டில் புழங்கும் டிவிடியிலோ 720க்கு 576தான். பெருக்கிப் பாருங்கள், டிவிடிக்குள் போவது ஐந்தில் ஒரு பங்கு. டிவிடி கைக்கு வந்த தைரியத்தில் கேமராவின் மெமரி கார்டை அழித்தால், முகூர்த்தப் புடவையின் ஜரிகை வேலைப்பாடு மற்ற நான்கு பங்கோடு போய்விடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

முதலில் பதிவைக் கணினியில் ஏற்ற வேண்டும். 2003இல் வந்த ஹெச்டிவி (HDV) முறை, சின்ன மினிடிவி (MiniDV) கேசட்டிலேயே ஹெச்டி படத்தைப் பதித்தது. கேசட்டைக் கேமராவில் ஓடவிட்டு, ஃபயர்வயர் கேபிள் வழியாகத்தான் கணினியில் ஏற்ற முடியும்; ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். புதிய கணினிகளில் ஃபயர்வயர் இணைப்பு வருவதில்லை. மினிடிவி கேசட், பதிவு செய்யும் ப்ளூ-ரே டிஸ்க் இரண்டின் தயாரிப்பையும் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஆகவே கேசட் வைத்திருப்பவர்கள் முந்திக்கொள்ளுங்கள். 2006இல் அறிமுகமான ஏவிசிஹெச்டி கேமரா என்றால் வேலை சுலபம். ஆனால் கார்டில் இருக்கும் ஃபோல்டர்களைக் கலைக்காமல் முழுவதையும் அப்படியே காப்பி செய்யுங்கள். நீளமான காட்சியைக் கேமரா பல கோப்புகளாகப் பிரித்து வைத்திருக்கும். அவற்றைக் கோக்கும் குறிப்பும் அந்த ஃபோல்டர்களில்தான் இருக்கிறது.

எடிட்டிங்குக்கு ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. கடைசிவரை ஹெச்டியிலேயே வெட்டி ஒட்டுங்கள். டிவிடிக்கான மாற்றம் இறுதியில் ஒரே ஒரு முறை நடக்கட்டும். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் படம் கொஞ்சம் மங்கும். சினிமாப் பாட்டைப் போட்டு மூல ஒலியை மூடிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கெட்டிமேளம், நலங்கில் அத்தைமார் பாடிய பாட்டு, பந்தியில் “இன்னும் கொஞ்சம் பாயசம்” என்று உபசரித்த தாத்தாவின் குரல் எல்லாம் அந்தப் பதிவைத் தவிர வேறெங்கும் இல்லை.

4.7 ஜிபி டிவிடியில் இரண்டு மணி நேரம் நன்றாகவே அடங்கும். ஹெச்டி தரம் குறையாமல் வேண்டுமென்றால் 25 ஜிபி ப்ளூ-ரே. ஊஞ்சல், தாலிகட்டு, நலங்கு என்று சாப்டர் பிரித்து மெனுவில் தமிழிலேயே பெயர் கொடுங்கள். டிஸ்க் உறவினர்களுக்குக் கொடுக்க. மூலப் பதிவை இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

எடிட் செய்யும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பந்தலில் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்று அவர் சொல்லச் சொல்ல, பெயர்களைத் திரையிலேயே எழுத்தாகப் போடுங்கள். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். இந்த விவரத்தை அவர் இருக்கும்போதுதான் கேட்க முடியும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். என்னென்ன கிடைத்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்