இயற்கையின் பெயரால் ஒடுக்குமுறை: இரு பாலினங்கள் குறித்து அறிவியல் சொல்வது என்ன?

2023 ஜூலையில் தெலங்கானா உயர்நீதிமன்றம் ஐதராபாத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. நிஜாம் ஆட்சியில் 1919இல் (பசலி 1329) இயற்றப்பட்ட அலிகள் சட்டம் அரசமைப்புச் சட்டத்திற்கு விரோதமானது என அது அறிவித்தது. திருநர்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைப்பதற்கும், பெண் உடையிலோ ஆபரணத்திலோ பொது இடத்தில் காணப்பட்டால் பிடியாணை இன்றிக் கைது செய்வதற்கும் அந்தச் சட்டம் காவல்துறைக்கு அதிகாரம் அளித்திருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியின் 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் சாயலில் பிறந்த அது, நிஜாம் வீழ்ந்த பிறகும், குடியரசு மலர்ந்த பிறகும், ஐதராபாத் தனி மாநிலத்தின் தலைநகரான பிறகும் ஏட்டில் நீடித்தது. திருநர் செயற்பாட்டாளர்கள் 2018இல் தொடுத்த பொதுநல வழக்கே அதற்கு முடிவு கட்டியது.

இத்தகைய சட்டங்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரே வாதம்தான் நிற்கிறது: ஆண், பெண் என்பதே இயற்கையின் நியதி, அதற்கு மாறானது குற்றம். பெண்ணை அடுப்படியில் நிறுத்துவதற்கும் இதே ‘இயற்கை’தான் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. எனவே, உயிரினங்களில் ஏன் இரு பாலினங்கள் உள்ளன என்ற கேள்வியை ஆய்வுக்கூடத்திற்குரிய விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது. அது அரசியல் கேள்வியும்கூட.

முதலில், இனப்பெருக்கத்திற்கு இரு பாலினங்கள் கட்டாயம் என்பதே உண்மையன்று. ஐதராபாத்திலும் தமிழகத்திலும் பூந்தொட்டி மண்ணில் நெளியும் செவிப்பாம்பில் ஆண் என்பதே கிடையாது. பெண் பாம்பின் கருவுறாத முட்டையிலிருந்தே அடுத்த தலைமுறை, அதுவும் பெண்ணாகவே, பிறக்கிறது. கணக்குப் பார்த்தால் இதுவே ஆதாயமான வழி. பால்வழி இனப்பெருக்கத்தில் பிறப்பவற்றில் பாதி ஆண், அவை ஈனுவதில்லை. ஈனும் பெண்களை மட்டுமே பெற்றெடுக்கும் இனம் தலைமுறைக்குத் தலைமுறை இருமடங்கு வேகத்தில் பெருக வேண்டும். ‘பாலினத்தின் இருமடங்கு விலை’ எனப்படும் இந்தப் புதிரைக் கூர்மையாக முன்வைத்தவர் ஜான் மேனார்ட் ஸ்மித். இந்தியாவைத் தாயகமாக்கிக்கொண்டு 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேனின் மாணவர் அவர். ஆசிரியர், மாணவர் இருவருமே பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர்கள்.

அவ்வளவு விலை கொடுத்தும் பெரும்பாலான விலங்குகளும் தாவரங்களும் ஏன் பால்வழியையே பின்பற்றுகின்றன? இதற்கு விடையைத் தமிழக விவசாயி தன் தோட்டத்திலேயே காணலாம். பக்கக்கன்று நட்டு வளர்க்கும் வாழையில் கன்று தாயின் அச்சு அசலான நகல். ஒரு ரஸ்தாளி மரத்தை வீழ்த்தும் வாடல் நோய் தோட்டம் முழுவதையும் வீழ்த்துகிறது. பெற்றோர் இருவரின் மரபுப்பொருள் கலந்து ஒவ்வொரு குட்டியும் வெவ்வேறாகப் பிறக்கும்போது, நோய்க்கிருமி ஒரே சாவியால் எல்லாப் பூட்டுகளையும் திறக்க முடியாது. நகலெடுக்கும் இனத்தில் பழுதான மரபணுக்கள் சேர்ந்துகொண்டே போகும், கலப்பு அவற்றைக் களைகிறது என்பது இன்னொரு விளக்கம். இதைச் சொன்னவர் ஹெர்மன் முல்லர். சோசலிசத்தின் மீது நம்பிக்கை கொண்டு 1933இல் சோவியத் யூனியனுக்குச் சென்ற அவர், மரபியலை மறுத்த லைசென்கோவை எதிர்த்து 1937இல் வெளியேற நேர்ந்தது. மாபெரும் தாவர அறிவியலாளர் வாவிலோவ் 1943இல் சிறையிலேயே மடிந்தார். உண்மையை ஆணையிட்டு வரவழைக்க முடியாது என்பது இடதுசாரிகள் கசப்போடு கற்ற பாடம், அதை மறக்கலாகாது.

கலப்பு நல்லதென்றால், பாலினம் இரண்டோடு ஏன் நிற்க வேண்டும்? சில காளான்களில் ஆயிரக்கணக்கான இணைசேர் வகைகள் உண்டு. அவற்றின் பாலணுக்களில் பெரிது, சிறிது என்ற பேதம் இல்லை. விலங்குகளில் நடந்தது வேறு. கருவுக்கு உணவு வேண்டும். அதற்குப் பாலணு பெரிதாக வேண்டும். இணையைத் தேடிச் சேர வேண்டும். அதற்குப் பாலணு சிறிதாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருக்க வேண்டும். இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் நடுத்தர அளவு, இரு பக்கமும் தோற்றது. பெரிய அணு சினைமுட்டை, சிறிய அணு விந்து என்றாயிற்று. பார்க்கர், பேக்கர், ஸ்மித் ஆகிய மூவர் 1972இல் இதைக் கணிதமாக நிறுவினர். உயிரியலில் ‘இரு பாலினம்’ என்பதன் அடிப்படைப் பொருள் இந்த இரண்டு அளவுகள்தாம்.

ஆனால் அந்த அணுக்களைத் தாங்கும் உடல் உருவாகும் வழிகள் பலவாகும். பங்குனி ஆமையின் முட்டை புதைந்திருக்கும் மணலின் வெப்பமே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது. கோமாளி மீன் கூட்டத்தில் தலைமைப் பெண் இறந்தால் அதன் ஆண் இணையே பெண்ணாக மாறுகிறது. பாம்புகளில் பெண்ணே இருவேறு பால் குரோமோசோம்களைக் கொண்டது. கட்டுவிரியன் வகைப் பெண் பாம்பின் மரபுப்பொருளை ஆராய்ந்து இத்துறையில் பெயர் பெற்ற லால்ஜி சிங், 1987இல் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சேர்ந்தார். பால் நிர்ணயம் பற்றிய அந்த ஆய்விலிருந்தே, பின்னர் நீதிமன்றங்களுக்குப் பயன்பட்ட மரபணு ரேகைத் தொழில்நுட்பத்தையும் அவர் வளர்த்தெடுத்தார்.

மனிதரில் தாயின் முட்டை எப்போதும் எக்ஸ் குரோமோசோமையே தருகிறது. எக்ஸோ ஒய்யோ தருவது தந்தையின் விந்து. 1905இலேயே நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் அறிவியலாளர், குழந்தையின் பால் விந்தில் தீர்மானமாகிறது என்பதற்கான சான்றைப் புழுவண்டுகளில் கண்டார். இருந்தும் ‘பெண்ணாகவே பெறுகிறாள்’ என்று மருமகளை வதைக்கும் வீடுகள் இன்றும் உள்ளன. ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 927 பெண் குழந்தைகள் இருந்தனர்; 2011இல் அது 919ஆகச் சரிந்தது. கருவின் பால் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்தும் இந்த நிலை. ஸ்கேன் கருவிக்கும் வரதட்சணைக்கும் ஆணுக்கே செல்லும் சொத்துக்கும் நடுவே அந்தப் பெண் குழந்தைகள் காணாமற்போயினர்.

இங்கேதான் பிற்போக்காளரின் தர்க்கம் உடைகிறது. முட்டை பெரிது, விந்து சிறிது என்பதிலிருந்து சமைப்பவள் யார், நிலம் யார் பெயரில், கூலி எவ்வளவு என்ற எதுவும் பெறப்படுவதில்லை. தமிழகக் குளங்களில் வாழும் நீளவால் இலைக்கோழியில் முட்டையை அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது ஆண். விலங்கு வாழ்க்கையிலேயே நியதி ஒன்றில்லாதபோது, உழைப்பால் தன் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ளும் மனிதருக்கு எங்கிருந்து வந்தது? பெண்ணடிமைத்தனத்தின் வேரைத் தனிச்சொத்தின் வரலாற்றில் 1884இலேயே ஏங்கெல்ஸ் தேடினார். பாலணு வகை இரண்டு என்பதை ஏற்பதற்கும், திருநர்களின் கண்ணியத்தைக் காப்பதற்கும் இடையே முரண்பாடு ஏதுமில்லை. குடிமக்களின் உரிமையைப் பாலணுவின் அளவு தீர்மானிப்பதில்லை.

இவற்றை மாணவர்கள் எங்கே கற்பார்கள்? 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்தனர். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் மாணவர்களே நம் நாட்டில் மிகுதி. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் அவர்களில் மிகுதி. ஐதராபாத் மையத்தை நிறுவிய பி.எம். பார்கவா, பல்கலைக்கழகங்களில் சோதிடப் பாடம் நுழைந்தபோது உச்சநீதிமன்றம் வரை சென்று போராடினார். 2015இல் சகிப்பின்மையைக் கண்டித்து பத்மபூஷண் விருதைத் திருப்பியளித்தார். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது 1976 முதல் ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டமே கூறுகிறது.

பள்ளியில் அகற்றப்பட்டதைக் கட்சிக் கிளைகளும் மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகளும் கற்பிக்க வேண்டும். பெண் குழந்தை பெற்றதற்காக ஏசப்படும் ஒரு தாயின் வீட்டுத் திண்ணையில், எக்ஸ், ஒய் என்ற இரண்டே எழுத்துகளை வைத்து அந்தப் பாடத்தைத் தொடங்கலாம்.