கார்னகி அப்பாவின் கடன்

ஆணி கொஞ்சம் குறைந்த வாரம். டேல் கார்னகியின் 'ஹவ் டு ஸ்டாப் வொரியிங் அண்ட் ஸ்டார்ட் லிவிங்' புத்தகத்தை மறுபடி முழுசாகப் படித்து முடித்தேன். 1948-ல் வந்தது. கவலையை விட்டால் சந்தோஷம் தானே வரும் என்பது சாரம். நம்மூர் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் பாதிப்பேரின் சரக்கு இதிலிருந்து சுட்டதுதான்.

எனக்குத் தகராறு, அவர் தன் அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில். மிசௌரியில் விவசாயி. ஏழு வருஷத்தில் ஆறு வருஷம் 102 என்ற ஆறு (பெயரே அதுதாங்க) பெருகி வந்து விளைச்சலைக் கொண்டுபோனது. பன்றிகள் காலராவில் செத்தன. வெள்ளம் வராத வருஷம் மாடுகளைத் தீனி போட்டுக் கொழுக்க வைத்தால் சந்தையில் விலை இறங்கி, மொத்த உழைப்புக்கும் மிச்சம் 30 டாலர். நிலத்தை எடுத்துக்கொள்வேன் என்று மேரிவில் ஊர் பேங்கர் மிரட்டிய அன்று, திரும்பும் வழியில் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தபடி நெடுநேரம் நின்றாராம். குதிக்காததற்குக் காரணம் அம்மாவின் கடவுள் நம்பிக்கை என்கிறார் மகன். அப்படியே பேச்சு பிரார்த்தனையின் பெருமைக்குப் போய்விடுகிறது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல நான் யார்? ஓர் உயிர் பிழைத்தது. ஆனால் ஐயா, அந்த பேங்கர் எங்கே போனார்? ஆறு வருஷம் வெள்ளம் பார்த்தவனுக்கு அவகாசம் கொடுத்தாரா, வட்டியைக் குறைத்தாரா? ஒரு கேள்வி இல்லை. கடன் மனுக்களோடு காலம் தள்ளுகிற எனக்கு அதுதான் உறுத்துகிறது.

வேடிக்கை என்னவென்றால், நம் கவலைகளில் 70 சதவீதம் பணத்தைப் பற்றியது என்று 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' கணக்கை அவரே எடுத்துப் போடுகிறார். மருந்து? பழைய பதிப்பில் கடைசியாக ஓர் அத்தியாயம். செலவை எழுதி வை, பட்ஜெட் போடு, எதுவும் முடியாவிட்டால் மாற்ற முடியாததை நினைத்துப் புழுங்காதே!

2025 ஜனவரியில் சாமராஜநகர் மாவட்டத்தில் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல்காரர்களுக்குப் பயந்து குடும்பங்கள் ஊரைவிட்டே போன செய்தி வந்தது. அவர்களிடம் போய் 'இன்றைய நாளை மட்டும் வாழுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். பிப்ரவரியில் கர்நாடக அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம், கட்டாய வசூலுக்கு 10 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் என்றது. 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இன்னும் எளிமை: சிறுகடன் வாங்கிய குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் போன் போட்டு வசூல் கேட்கக் கூடாது. ராத்திரி தூக்கம் தருவதில், ஒழுங்காக அமலானால், இந்த ரெண்டு வரிக்கு முன்னால் கார்னகியின் மொத்தப் புத்தகமும் நிற்காது.

காரணமில்லாத கவலைக்கு அவர் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. டிரான்ஸ்ஃபர் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது 'மோசமாகப் போனால் என்ன ஆகும்' என்று யோசிக்கச் சொல்லும் அவருடைய உத்தி எனக்கே உதவியிருக்கிறது. சம்பளம் மாசாமாசம் வருகிறவனுக்கு அது போதும். கடன்காரன் வாசலில் நிற்கிறவனிடம் அதே உத்தியை நீட்டுவதுதான் அயோக்கியத்தனம். கவலை இவன் மனசில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் வாசலில் நிற்கிறவனை யாரும் எதுவும் கேட்க வேண்டாம் பாருங்கள்.

அடுத்த மாசம் எங்களுக்கு ஒரு 'மகிழ்ச்சிப் பயிற்சி' இருக்கிறதாம். கேள்வி நேரம் உண்டென்றால் 102 ஆற்றைப் பற்றிக் கேட்பதாக இருக்கிறேன்.