கட்டிய பிறகே கடல்

கட்டுமரம் ஒற்றை மரத்தாலானதன்று. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர வைப்பார்கள். மீண்டும் கடலில் இறங்குமுன் உரிய வரிசையில் சேர்த்துக் கட்டுவார்கள். வேம்பார் போன்ற முத்துக்குளித்துறை ஊர்களின் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கணினியிலும் இத்தகைய வேலை ஒன்று உண்டு.

பல வட்டுகளைச் சேர்த்து ஒரே வட்டுபோல் ஆளும் முறைக்கு 'ரெய்டு' என்று பெயர். 1988இல் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இரு வட்டுகளில் 1, 0 என எழுதியிருப்பதாகக் கொள்வோம். மூன்றாவதில், அவை வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0 என்று எழுத வேண்டும். எந்த ஒரு வட்டு பழுதானாலும் எஞ்சிய இரண்டிலிருந்து இழந்ததைக் கணக்கிட்டுவிடலாம்!

தனிக் கருவியின்றி, லினக்ஸ் மென்பொருளே இதைச் செய்யும். ஆனால் வட்டுகளைச் சேர்க்கும் நிரல், இன்னும் சேர்க்கப்படாத அதே வட்டுகளில் இருந்தால்? பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளேயே இருப்பது போலல்லவா ஆகும்! ஆகவே கணினி தொடங்கும்போதே ஒரு சிறு கோப்புத் தொகுதி நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. அதிலுள்ள 'எம்டிஆட்ம்' என்னும் நிரல் ஒவ்வொரு வட்டிலும் பொறித்துள்ள அடையாள எண்ணையும் நிகழ்வு எண்ணையும் பார்க்கிறது. நிகழ்வு எண் மிகவும் பின்தங்கிய வட்டில் இருப்பது பழைய செய்தி. அதை விலக்கி மற்றவற்றைச் சேர்க்கிறது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் இவ்வழி பொருந்தும்.

ஒரு வட்டு வரவேயில்லை என்றால் கணினி நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா? 2008இல் வெளியான உபுண்டு 8.10 இம்முடிவைக் கணினியைப் பராமரிப்பவரிடமே விட்டது. சற்றுக் காத்திருந்துவிட்டு ஓடுவதே சரி என்பது என் கருத்து. தேர்வு நாளில் பள்ளிப் பதிவேடுகள் உள்ள கணினி, மூன்றில் ஒரு வட்டு இல்லை என்பதற்காக நின்றுவிட்டால், அந்த ஏற்பாட்டால் என்ன பயன்? ஆனால் அது மௌனமாக ஓடக் கூடாது. இன்னொரு வட்டும் போனால் எல்லாம் போய்விடும். ஆகவே குறையை உரக்க அறிவிக்க வேண்டும். பார்ப்பவரும் அன்றே வட்டை மாற்ற வேண்டும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். ரெய்டு, நகலுக்கு ஈடாகாது. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா வட்டுகளிலும் அழிந்துவிடும். நகலைத் தனியே வேறிடத்தில் வையுங்கள். முக்கியமான செய்தி எதுவும் இல்லாத பழைய கணினி கிடைத்தால், ஆசிரியர் துணையுடன் ஒரு வட்டைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். சோதித்தறியாத பாதுகாப்பு வெறும் நம்பிக்கையே, அறிவியல் ஆகாது.