ஜன்னலை மூடாதீங்க, சாமி!

கோவில்பட்டிக்காரர்களுக்கு ஆகாய விமானம் இப்போது எட்டாத சமாச்சாரம் அல்ல. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் காரில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். 2025 ஜூலை 26-ந்தேதி அங்கே புதிய முனையமும் திறந்தாகிவிட்டது. கடலைமிட்டாய் வியாபாரியும், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கரும் அவசரம் என்றால் சென்னைக்குப் பறந்துவிட்டு வருகிறார்கள்.

பஸ்சில் துண்டைப் போட்டு ஜன்னல் ஓரம் பிடிக்கிற நம்ம ஆட்கள், விமானத்தில் மட்டும் "எந்த சீட்டா இருந்தா என்ன?" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்!

வலதா, இடதா?

சென்னையில் இருந்து தெற்கே வரும்போது இடது பக்கம் கிழக்கு. கடல் அந்தப் பக்கம். வலது பக்கம் மேற்கு. கோவில்பட்டியும், கரிசல் காடும், வானம் தெளிந்திருந்தால் மேற்கு மலைத்தொடரும் அந்தப் பக்கம்தான். காலை விமானம் என்றால் இடது பக்கம் வெயில் கண்ணில் அடிக்கும். ஆகவே வலதே உத்தமம். திரும்பிப் போகும்போது எல்லாம் தலைகீழ். சீட்டு எழுத்து 'ஏ' என்றால் இடது ஜன்னல்.

இந்தத் தடத்தில் வெகுகாலமாகப் பறக்கும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. கீழே உள்ள காட்சியை மறைக்காது. காற்றாடிக்குப் பக்கத்து சீட்டில்தான் இரைச்சல். பின்வரிசை தேவலை. பெரிய ஜெட் விமானத்தில் இறக்கை ஜன்னலுக்குக் கீழே. நடு வரிசையில் உட்கார்ந்தால் ஊருக்குப் பதில் தகரம்தான் தெரியும்!

கண்மாய் சொல்லும் கதை

சரி, அப்படி என்ன தெரியும்?

புரட்டாசியில் விதைத்த கரிசல் மார்கழியில் பச்சை. சித்திரையில் உழுதுபோட்ட கறுப்பு. இறங்கும் நேரத்தில் காற்றாலைகள். அதற்கப்பால் தூத்துக்குடி உப்பளங்களின் பாத்திகள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியம், கண்மாய். நல்ல மழை பெய்த வருஷம், தை மாதத்தில் அது வெள்ளித் தகடு மாதிரி மின்ன வேண்டும். மின்னாமல் கரும்பச்சையாக அடைந்து கிடந்தால் "ஆஹா, செழிப்பு!" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது பயிர் அல்ல, சீமைக் கருவேலம்! 2017-ல் ஐகோர்ட்டு வரை போன விவகாரம். வெட்ட வெட்ட முளைக்கிறது.

தரையில் நின்றால் கரை மறைத்துக்கொள்ளும். வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே காணாமல் போகிறது என்பது மேலே இருந்து பார்த்தால்தான் ஒரே பார்வையில் பிடிபடும்.

பெரிய மனிதர்கள் கவனிக்க!

இந்த வட்டாரத்துக்குத் திட்டம் போடுகிற அதிகாரிகளும், ஓட்டு வாங்கிப் போனவர்களும் இதே விமானத்தில்தான் வந்து போகிறார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, மறைப்பை இழுத்து மூடிவிட்டுத் தூங்கினால் என்ன புண்ணியம்? விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் மறைப்பைத் திறந்துவைக்கச் சொல்வது வழக்கம். வெளியே ஆபத்து ஏதும் தெரிந்தால் உடனே கவனிப்பதற்காக! ஒரு கண்மாய் செத்துக்கிடப்பதும் ஆபத்துதானே?

சாதாரண ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. காசு கொடுத்து ஜன்னல் சீட்டு வாங்கி, செல்போனில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டாம். அது முடியாது என்றால், முதல்முறை விமானம் ஏறுகிற ஆத்தா யாராவது பக்கத்தில் இருப்பார். "இங்கன வந்து உக்காருங்க ஆத்தா" என்று எழுந்து இடம் கொடுங்கள்.

எழுபது வருஷம் அந்தக் காட்டில் களை எடுத்தவர். அது எவ்வளவு பெரிசு என்று ஒரு தடவையாவது பார்க்கட்டுமே!